உலகக் கோப்பையும் என் சலூனில் விழுந்த மீசையும்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கத்தியைவிட எதிரே ஓடும் மேட்ச்தான் ஆபத்து என்பது, என்னைப் போலக் கடையில் டி.வி. மாட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை நடந்த மாதம், பெரிய டீம்கள் எல்லாம் சின்ன டீம்களிடம் வரிசையாக விழுந்தன. விழுந்த டீம்களின் ரசிகர்கள் அத்தனை பேரும் கள்ளக்குறிச்சியில் என் கடையில்தான் வந்து விழுந்தார்கள்.

ஒற்றை ஆள் சவுதி

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லீவு. ஆனாலும் டி.வி. கடையில்தானே இருக்கிறது? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அர்ஜென்டினா - சவுதி மேட்ச் போட்டேன். உள்ளே எட்டுப் பேர்; எட்டும் அர்ஜென்டினா. ஒன்பதாவதாகக் குனிந்து நுழைந்தார் தேவராஜ் அண்ணன். சவுதியில் பதினோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். "நான் சவுதி" என்றார். கடையே சிரித்தது. அர்ஜென்டினா முதல் கோல் போட்டதும், "இன்னாண்ணே, உங்க சவுதி புட்டுக்கினு போவுது" என்று ஆளாளுக்கு ஓட்டினார்கள்.

இடைவேளை முடிந்து வந்ததும் ஐந்தே நிமிஷ இடைவெளியில் சவுதி இரண்டு கோல் போட்டுவிட்டது. மேட்ச் முடிந்ததும் எட்டுப் பேரும் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறினார்கள். அண்ணன் மட்டும் என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீரோடு. என்னண்ணே என்றேன்.

"பதினோரு வருசம் அங்க ஒயரு இழுத்தேன்டா. அந்த ஊரு எனக்கு ஒரு நாளாவது சந்தோசம் குடுக்கும்னு நெனச்சதே இல்ல, இன்னிக்குக் குடுத்துச்சு."

மாப்பிள்ளை மீசை

மறுநாள் சாயங்காலம் ஜப்பான் ஜெர்மனியைக் கவிழ்த்தது. அதற்கடுத்த காலையில் வடக்கனந்தல் செல்வம் வந்தான். கூடவே, அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் அண்ணன், திருக்கோவிலூர்க்காரர். விடிந்தால் கல்யாணம். ஜெர்மனி தோற்றால் மீசையை எடுப்பதாக வருங்கால மச்சானிடம் பந்தயம் கட்டியிருக்கிறான். அது சும்மா மீசை இல்லை. கல்யாண போட்டோவுக்கென்று ஆறு மாதமாக நான் ஒதுக்கி ஒதுக்கி வளர்த்துக் கொடுத்தது.

"ஒரு வாரம் தள்ளி எடுத்துக்கலாமேங்க" என்று நானே கெஞ்சினேன். மச்சான் இளகவில்லை. செல்வம் மீசையைக் கையால் மூடிக்கொண்டான். கடைசியில் பெண்ணுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். செல்வம் விஷயத்தைச் சொன்னான். நான் கத்தியோடு நின்றேன்.

"எடுத்துடுங்கண்ணே. மீச ஒரு மாசத்துல வளந்துடும். சொன்ன சொல்ல காப்பாத்துற ஆளான்னு நான் இன்னிக்கே தெரிஞ்சிக்கினா நல்லதுங்க."

என் பங்கு

நான் ஸ்பெயின். மொராக்கோவிடம் பெனால்டியில் தோற்றார்கள். அடித்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தோற்றால் மொட்டை என்று நானும் வீறாப்பாகப் பந்தயம் கட்டியிருந்தேன். அடுத்த நாற்காலியில் வேலை பார்க்கும் ஏழுமலை, வழுக்கையாகிப் பல வருஷமான என் தலையைத் தடவிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, தோக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்ற தைரியத்துலதான் பந்தயம் கட்டுனீங்களா?"

மஞ்சள் மண்டை

வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டும் குமரேசன், பிரேசிலுக்காக என் கையால் தலை முழுக்க மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டார். "கப்பு தூக்குற வரைக்கும் இப்டியேதான்" என்றார். பஸ் முதலாளி கத்தியும் மசியவில்லை. மலையில் சாமை மூட்டையோடு ஏறும் பெண்கள், "காமாலையா தம்பி?" என்று விசாரித்தார்களாம். குரோஷியாவிடம் பிரேசில் தோற்றுப்போன மறுநாள், நான் ஷட்டரைத் தூக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார். "ஒண்ணும் கேக்காத. கருப்பு அடி." அடித்தேன்.

அடுத்த லீவில் ஏழுமலை வீட்டு விசேஷத்துக்காக அதே பஸ்ஸில் மலையேறினேன். வழியில் ஒரு அம்மா படியில் ஒரு காலை வைத்தார், டிரைவரின் பின்மண்டையைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். கண்டக்டரிடம் கவலையாகக் கேட்டார்:

"இன்னாங்க, அந்த மஞ்ச மண்ட டிரைவரு வரலியா? வளைவுல அவரு எவ்ளோ பதமா ஓட்டுவாரு, இந்தாள நம்பி ஏறலாமா?"

பந்து உதைபட்டதெல்லாம் கத்தாரில். முடி விழுந்ததெல்லாம் கள்ளக்குறிச்சியில்.