ஓய்வால் பயனில்லையாம்

மூன்றாவது பிள்ளையைப் பெற்று உடம்பு தேறுவதற்கு முன்பே என்னைக் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எஹலியகொடைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறவள். காலையில் மரங்களை வெட்டிவிட்டு, சிரட்டைகள் நிறைந்ததும் பாலை வாளியில் ஊற்றி, வழுக்குகிற சரிவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது ஒரு நாள் அடிவயிற்றில் ஏதோ அறுந்து விழுந்ததுபோல இருந்தது. வாளியை வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்த் தொட்டுப் பார்த்தேன். கருப்பை வெளியே வந்திருந்தது. எங்கள் ஆட்கள் அதை அடி இறக்கம் என்பார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. பழைய சேலையைக் கிழித்து மடித்து, கோவணம்போல இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மழைக்காலத்தில் ஈரத்துணி உராய்ந்து தொடையெல்லாம் புண்ணாகிவிடும். இருமினால் சிறுநீர் கசியும். தண்ணீர் கொட்டுகிற பீலியில் அந்தத் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து லயத்து வரிசையில் குடியிருந்த அக்காவும் அதே மாதிரித் துணியை அலசுவதைப் பார்த்தேன். அவளும் என் கையைப் பார்த்தாள்.

"உனக்கும் எறங்கிருச்சா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அது வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அதைச் சாக்காக வைத்துத்தான் அவள் புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டானாம்.

அந்தச் சமயத்தில் ஓர் இளம் டொக்டர் தோட்டத்துக்கு வந்தார். சிங்களவர், தமிழ் தெரியாது. தோட்டத்துப் பெண்களுக்கு அடி இறக்கம் ஏன் இத்தனை அதிகமாக வருகிறது, எந்த வைத்தியம் அதற்குக் கேட்கும் என்று ஆராய்ச்சி செய்கிறார் என்றார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாதான் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்த்தார். டொக்டர் எங்களை ஒவ்வொருவராக, திரை கட்டிய அறையில், ஒரு நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். மேலே துணியைப் போர்த்தினார். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட்டார். கெட்ட மனிதர் என்று அவரை என்னால் சொல்ல முடியாது. என் கோபம் ஆறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் எங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கவிடுவது. மற்றக் கூட்டம் கால்மாட்டை உயர்த்தி வைத்துப் படுத்திருக்க வேண்டும், சுமை தூக்கக் கூடாது, சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி இறுக்கிப் பழக வேண்டும். சில மாதம் கழித்துப் பார்த்தால் எது நல்ல வைத்தியம் என்று தெரிந்துவிடுமாம். யாருக்கு எது என்று அவரே முடிவு செய்தார். உனக்கு எது வேண்டும் என்று எங்களில் ஒருத்தியையும் கேட்கவில்லை. அக்காவுக்கு வளையம் கிடைத்தது, எனக்குப் படுக்கை. உள்ளதைச் சொன்னால், எனக்குச் சந்தோஷம்தான். என்னைப் படுத்துக்கொள் என்று பிறந்ததிலிருந்து யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் கால்களைச் சாக்கு மூட்டைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பெரட்டுக் கொம்பு ஊதி ஓய்ந்ததும் கங்காணி வாசலில் வந்து நின்றார். மலைக்கு வராதவளுக்கு அன்றைய கூலிக் கணக்கில் பேர் விழாது, பேர் விழாதவளுக்கு அரிசி இல்லை என்றார். டொக்டர் சொன்னதை என் புருஷன் எடுத்துச் சொன்னார்.

"வேலை முடிஞ்சு வந்து படுத்தா அது ஓய்வு இல்லையான்னு கேக்குறாரு பெரிய தொரை," என்றார் கங்காணி. பெரிய தொரை என்றால் தோட்டத்து மானேஜர்.

நான் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டேன். டொக்டர் படுக்கச் சொல்லியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அன்று மலையில்தான் இருந்தோம். அதற்குப் பின்னும் அப்படித்தான். உள்ளே இறுக்குகிற பயிற்சியை மட்டும் மரத்தடியில் நின்றபடியே செய்தேன். மரத்தடியில் இறுக்கினது வாளியைத் தூக்கினதும் மறுபடி இறங்கிவிடும்.

சில மாதங்கள் கழித்து டொக்டர் திரும்பி வந்தார். வளையம் வைத்த பெண்களுக்குச் சுகம் தெரிந்தது. அக்கா நிமிர்ந்து நடந்தாள். என்னைச் சோதித்துவிட்டு, இவளுக்கும் ஓய்வு ஒன்றும் செய்யவில்லை என்று நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவருக்குத் தெரியாது. நான் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

"நான் ஓய்வு எடுக்கவே இல்லை மாத்தயா. எங்களுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை."

டிஸ்பென்சர் ஐயா குறுக்கிட்டு, இவள் பொய் சொல்கிறாள், எல்லாரும் சொன்னபடி படுத்துத்தான் இருந்தார்கள் என்றார். டொக்டர் என் கைகளைப் பார்த்தார். அன்று காலையில் வெட்டிய பால் நகக்கண்களில் காய்ந்து கறுத்துக் கிடந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை அவர் முகத்தில் கண்டேன். பெரிய தொரையிடம் பேசுகிறேன் என்று பங்களாவுக்குப் போனார். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தவர், வரிசையாக நின்ற எங்களைப் பார்க்காமலே காரில் ஏறினார்.

பிறகு டிஸ்பென்சர் ஐயாதான் சொன்னார். கொழும்பில் டொக்டர்மார் கூடிய கூட்டத்தில் எங்களைப் பற்றி வாசித்தார்களாம். தோட்டத்துப் பெண்களுக்கு வளையம் நல்லது, ஓய்வால் பயனில்லை என்று முடிவாம். எங்கள் தோட்டத்துக்கு ஏதோ பரிசு கிடைத்ததுபோல அதைச் சொன்னார்.

அக்கா கேட்டாள்: "ஓய்வு யாரு குடுத்தா, ஐயா?"

அவர் மருந்துப் போத்தல்களைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பின், பிள்ளை பெற்ற எவளாவது இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்கிறேன் என்று கேட்டால், படுத்தால் ஒன்றும் ஆகாது என்று டொக்டர்மாரே சொல்லிவிட்டார்களே என்பார் கணக்கப்பிள்ளை. எங்கள் உடம்பைக் காட்டியே மற்றவர்களின் படுக்கையையும் பறித்தார்கள். தராத மருந்து கேட்கவில்லை என்று எந்த ஊரிலாவது எழுதுவார்களா? எழுதினார்கள். எங்களைப் பற்றி எழுதினார்கள்.

டொக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். வளையத்தை இடைக்கிடை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே புண்ணாகி, நாற்றம் எடுத்து, காய்ச்சலில் விழுந்தாள். நான்தான் அவளைக் கைத்தாங்கலாக டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே வளையத்தை எடுத்த நர்ஸ், சுத்தம் தெரியாத ஜனங்கள் என்று திட்டினாள். கழுவ வேண்டும் என்று நீங்கள் சொல்லித் தந்தீர்களா என்று கேட்டேன். அவள் திட்டுவதை நிறுத்தினாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, வளையத்தை எப்படி எடுப்பது, எப்படிக் கழுவுவது, எப்படித் திரும்ப வைப்பது என்று செய்து காட்டினாள். எனக்கும் ஒரு வளையம் தந்தாள். அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச வருடங்களும் பால் வெட்டினேன்.

என் மூத்த மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது கங்காணி வாசலுக்கு வந்தார். நான் குறுக்கே நின்றேன். அவள் இப்போது வர மாட்டாள் என்றேன். என் பேரையும் சேர்த்து வெட்டுவதாகச் சொன்னார். வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். வெட்டினார். அந்தக் காலம் முழுவதும் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். மகள் உடம்பு தேறும்வரை படுத்திருந்தாள். அவளுக்கு அடி இறங்கவில்லை.