ஷவ்வால் ஐந்து, மூன்று நாள்

பல்கிஸாவின் வேலையைச் சொல்வது சுலபம். ஒரு முஸ்லிம் நாடு நைஜருக்கு உதவி செய்ய வரும்போது, இன்னொரு முஸ்லிம் நாடு அதே ஊரில் அதே உதவியைச் செய்துகொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நியாமியில் திட்ட அமைச்சகத்தின் இரண்டாம் மாடியில், "சகோதர நாடுகள் ஒருங்கிணைப்பு" என்று பலகை மாட்டிய அறையில், இருபத்தாறு வருடங்களாக இதைத்தான் செய்கிறாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் தோஸோ பக்கம் ஒரு ஊரைப் பார்க்கப் போனாள். பள்ளிவாசலுக்கு எதிரே மூன்று கைப்பம்புகள், கூப்பிடு தூரத்தில். மூன்றும் மூன்று நாடுகள் கொடுத்தவை, மூன்றுக்கும் பளிங்குப் பலகை உண்டு. ஒன்றின் வாஷர் தேய்ந்தால் மற்றதின் வாஷர் பொருந்தாது என்பதால் மூன்றும் நின்றுபோயிருந்தன. பெண்கள் குடங்களை வெயிலில் காயவைக்க அந்தப் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஊரில் பம்பும் இல்லை, பலகையும் இல்லை.

அப்படிப் பம்பும் பலகையும் இல்லாத ஊர்களுக்கு அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் நான்காவது ஊர் மராதிக்கு வடக்கே உள்ள கரின் காடோ. அவளுடைய தாய்மாமன் ஊர். மாமன் மகள் டேலு அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஹவுஸாக்காரர்களுக்குள் மாமன் மகளும் அத்தை மகளும் ஒருவரையொருவர் கேலி செய்தே ஆக வேண்டும். கேட்பவர் கோபப்படக் கூடாது. டேலு இந்தக் கடமையில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

"மதினி, ஆபீஸ்ல ஏசி ஓடுதா?"

"ஓடுது டேலு."

"அதுலருந்து சொட்டுற தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு மராதி பஸ்ல போட்டு விடு. கவர்மெண்டு தந்த முதல் தண்ணின்னு நாங்க பலகை வெச்சுக்கறோம்."

கரின் காடோவில் பெண்கள் விடியும் முன்னே ஏழு கிலோமீட்டர் நடந்து, கழுதை கட்டி இழுக்கிற ஆழக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் திரும்புவார்கள். பல்கிஸா அவர்களுக்கு ஏற்கெனவே மூன்று தடவை வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று தடவையும் ஏதாவது ஒரு சகோதர நாடு கடைசி நேரத்தில் வேறு மாவட்டத்தை விரும்பியது.

நான்காவது தடவை காரியம் கூடிவந்தது. துருக்கிக்காரர்களின் துளைபோடும் வண்டி ஒன்று ஸிண்டரில் வேறு வேலையை முடித்துக்கொண்டிருந்தது. மொராக்கோ தன் நீர்த்துறைப் பொறியாளர்களை அனுப்பச் சம்மதித்தது. செலவை வளைகுடாவில் உள்ள ஒரு நிதியம் ஏற்றுக்கொண்டது. கரின் காடோ உட்பட பதினான்கு ஊர்களுக்குக் கிணறு. நிதியத்தின் நிபந்தனை ஒன்றுதான்: நைஜர், துருக்கி, மொராக்கோ மூன்றும் குறித்த தேதியில், ஒரே கூட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் திட்டம் அடுத்த பட்டியலுக்குப் போகும். துளைபோடும் வண்டியோ மாதக் கடைசியில் கொட்டோனு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடும். அது மறுபடி இந்தப் பக்கம் வர எத்தனை வருடமாகும் என்று துருக்கிக்காரர்களைக் கேட்டபோது அவர்கள் மரியாதையாக வானத்தைப் பார்த்தார்கள்.

அழைப்புக் கடிதத்தைப் பல்கிஸாதான் எழுதினாள். தேதியை வழக்கம்போல பிறைக் கணக்கான ஹிஜ்ரி, ஆங்கிலம் என இரண்டு வகையிலும் போட்டிருந்தாள். இயக்குநர் உசைனி அதில் ஆங்கிலத் தேதியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"அண்ணன் தம்பி நாலு பேர் கூடுறோம். நமக்குள்ள எதுக்கும்மா வெள்ளைக்காரன் தேதி? ஷவ்வால் அஞ்சுன்னு போடுங்க. அழகா இருக்கும்."

"சார், ஷவ்வால் ஒண்ணுதான் பெருநாள், அஞ்சு அதுலருந்து நாலாம் நாள். பிறை எப்படி வருதோ..."

"பிறை ஒண்ணுதானம்மா?"

பிறை ஒன்றுதான். ஆனால் பல்கிஸாவின் கணவர் எல்லையோரத்துக்காரர். அவர் ஊரில் நைஜீரியாவின் அறிவிப்பைப் பின்பற்றுவார்கள். ஒரு வருடம் அவள் வீட்டிலேயே அவள் நோன்பு வைத்திருக்க, அவர் எதிரே உட்கார்ந்து பெருநாள் சோறு சாப்பிட்டிருக்கிறார். இதை இயக்குநரிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் தொழுகைக்கு எழுந்துவிட்டார். கடிதம் போனது. நிதியம் அந்தத் தேதியையே தன் ஒப்புதலில் எடுத்து எழுதிக்கொண்டது.

ரமலான் இருபத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை மாலை, எட்டுப் பேர் பிறையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். வானொலி அறிவித்தது: நைஜருக்கு ஞாயிற்றுக்கிழமை பெருநாள். ஐந்து நிமிடத்தில் டேலு கூப்பிட்டாள்.

"பெருநாள் வாழ்த்து மதினி. நம்ம நாட்டுக்கு எப்பிடிக் கண்ணு பாத்தியா! உலகத்துல எவனுக்கும் தெரியாத பிறை நமக்குத் தெரியுது. கரின் காடோ மட்டும்தான் தெரியல."

பல்கிஸா சிரிக்கவில்லை. அவள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துருக்கியில் பெருநாள் கணக்குப் போட்டு வருடத் தொடக்கத்திலேயே அச்சாகிவிடும், அவர்களுக்குத் திங்கள். இரண்டு நாள் கழித்து, மொராக்கோவில் திங்கள் மாலை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, செவ்வாய் என்றார்கள். ஆகவே நைஜருக்கு ஷவ்வால் ஐந்து வியாழன், துருக்கிக்கு வெள்ளி, மொராக்கோவுக்குச் சனி.

எல்லோரும் கடிதத்தை ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகச் சீட்டு எடுத்திருந்தார்கள். துருக்கிப் பொறியாளர் நெவ்ஸாத் வியாழன் இரவு இறங்கி வெள்ளி இரவு கிளம்புகிறார். மொராக்கோவின் லாமியா சனிக்கிழமை விடியற்காலை வருகிறார். பெருநாள் நெரிசலில் எந்த விமானத்திலும் வேறு இடம் இல்லை. நைஜர் சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் உசைனி வியாழன் மாலை வெளிநாட்டுக்குப் பறக்கிறார். ஒருங்கிணைப்பை மேம்படுத்துவது பற்றிய மாநாடு.

வியாழன் காலை இயக்குநர் அவள் மேசை முன்னால் வந்து நின்றார். அவர் உட்காராமல் நிற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இப்ப என்னம்மா பண்றது?"

"கையெழுத்துப் போடுங்க சார். இன்னைக்கு அஞ்சு."

"மத்த ரெண்டு பேர்?"

"அவங்கவங்க அஞ்சு வரும்போது அவங்கவங்க போடுவாங்க."

"ஒரே கூட்டம்னு எழுதியிருக்கே?"

"கூட்டத்தை முடிக்கலன்னா ஒரே கூட்டம்தானே சார்."

அந்த அலுவலகத்தில் கூட்டம் முடிந்தது என்று யாரும் அறிவிப்பதில்லை. ஓட்டுநர் முத்தாரி நடைபாதையில் கம்பி அடுப்பில் கரி போட்டுத் தேநீர் காய்ச்சுவான். ஒரே இலையில் மூன்று சுற்று: முதல் கிளாஸ் கசக்கும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது இனிக்கும். மூன்றாவது கிளாஸ் குடித்தால் கூட்டம் முடிந்தது. அதற்குள் எழுந்து போகிறவர் கூட்டத்தை முடித்தவர் ஆகமாட்டார், மரியாதை தெரியாதவர் ஆவார்.

இயக்குநர் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஷவ்வால் ஐந்து என்று எழுதி, கசப்பு கிளாஸைக் குடித்துவிட்டு விமான நிலையம் போனார். முத்தாரி இரண்டாவது சுற்றுக்குக் கெண்டியைத் தூக்கினான்.

"வை கீழ," என்றாள் பல்கிஸா. "நாளைக்கு."

"அக்கா, இலை ஊறிப் புளிச்சிடும்."

"புளிக்கட்டும். மூடி வை."

நடவடிக்கைப் புத்தகத்தில் அவள் எழுதினாள்: "தொழுகைக்காகவும் உறக்கத்துக்காகவும் கூட்டம் இடைநிறுத்தப்பட்டது." மேசையில் கொடிகளை எடுக்கவில்லை. துடைக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நெவ்ஸாத் வந்தார். உயரமான மனிதர்; கோட்டை வெயிலுக்காகக்கூடக் கழற்றவில்லை. ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"மேல இருக்கிற கையெழுத்து நேத்துப் போட்டதா மேடம்?"

"ஆமா."

"அதுல ஷவ்வால் அஞ்சுன்னு இருக்கு."

"அவருக்கு நேத்து அஞ்சு. உங்களுக்கு இன்னைக்கு என்ன?"

"அஞ்சு. அதுக்குத்தானே வந்தேன்." அவர் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார். "தப்பா நினைக்காதீங்க. எங்க கணக்குப்படி சனிக்கிழமை சாயங்காலம் பிறை கண்ணுக்குத் தெரிய வழியே இல்ல."

"எட்டுப் பேர் சத்தியம் பண்ணியிருக்காங்க."

"அன்னைக்குப் பிறை சூரியனோட சேர்ந்தே இறங்கி..."

"டீ ஆறுது சார்."

நெவ்ஸாத் ஒரு வாய் குடித்தார். நேற்றைய இலை. முகம் மாறவில்லை, அரசாங்கப் பயிற்சி. கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது மட்டும் கேட்டார்: "இது எந்த ஊர் முறை, மேடம்?"

"இந்த ஆபீஸ் முறை."

சனிக்கிழமை அமைச்சகம் விடுமுறை. காவலாளியிடம் சாவி வாங்கி, முத்தாரி விமான நிலையத்திலிருந்து நேரே லாமியாவை அழைத்துவந்தான். தூங்காத கண்கள், கையில் பெருநாள் பலகாரப் பெட்டி. மேசையில் கொடிகளையும் காலி நாற்காலிகளையும் பார்த்தார்.

"நான்தான் முதலா?"

"கடைசி. கூட்டம் வியாழக்கிழமையிலருந்து நடக்குது."

லாமியா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாங்க எப்பவும் கடைசிதான். ஆனா கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுவோம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றான் முத்தாரி, மூன்றாவது கிளாஸை நீட்டியபடி. "குடிங்க. பாதி சர்க்கரை, பாதி வியாழக்கிழமை."

லாமியா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். ஏழு மணி இருபது நிமிடத்துக்குக் கூட்டம் முடிந்தது.

பல்கிஸா நடவடிக்கைக் குறிப்பை எழுதி, கடைசியில் மூன்று கையெழுத்துகளும் விழுந்த ஆங்கிலத் தேதிகளையும் சேர்த்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த முத்தாரி பதறினான்.

"அத எதுக்குக்கா எழுதுறீங்க? வாயை மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?"

"செலவுக் கணக்குக்கு விமானச் சீட்டும் கூடத்தானே போகுது. அதுல தேதி இல்லையா?"

இது முழுக் காரணம் அல்ல. கரின் காடோவுக்கு மூன்று தடவை வார்த்தை தவறியவள் அவள்; கிணறு வந்தால் யாரும் பின்னால் வந்து பிடுங்க முடியாதபடி வர வேண்டும் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை நிதியத்திலிருந்து ஃபவாஸ் என்ற அதிகாரி கூப்பிட்டார். கோப்புகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஹஜ் போய்வந்த பெண்ணை அழைக்கும் மரியாதையோடு ஆரம்பித்தார்.

"ஹாஜியா, மூணு கையெழுத்து, மூணு வேற நாள்."

"தேதி ஒண்ணுதானே?"

"ஷவ்வால் அஞ்சு மூணு நாள் வருமா?"

"எங்களுக்கு ஒரு நாள்தான் வந்துச்சு. அவங்கவங்க நாட்டுலயும் ஒரு நாள்தான் வந்திருக்கும்."

"இதை நான் ஏத்துக்க முடியாது. திருப்பி அனுப்பறேன்."

பல்கிஸா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் பட்டியல் தொங்கியது. நான்காவது ஊர் அடிக்கப்படாமல் இருந்தது.

"அனுப்புங்க," என்றாள். "திருப்பி அனுப்பற படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல எந்த நாட்டோட பிறை தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. மூணு நாட்டுக்கும் நகல் போடணும். நானே அனுப்பிடறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

எதிர்முனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஹாஜியா, எனக்கு மூணு பிள்ளைங்க."

"அல்லா நல்லா வைக்கட்டும். மூணும் ஒரே நாள்லயா பொறந்துச்சு?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்று ஃபவாஸ் வைத்துவிட்டார்.

அவர் யோசித்தார். செவ்வாயன்று அவருடைய மேலாளர் யோசித்தார். மேலாளர் சட்டப் பிரிவைக் கேட்டார். சட்டப் பிரிவு, இது மார்க்க விஷயம் என்றது. மார்க்க ஆலோசகர், ஒவ்வொரு ஊருக்கும் அதன் பிறை செல்லும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஒப்பந்தம் சட்ட விஷயம் என்றார். இதற்குள் டேலு இரண்டு தடவை கூப்பிட்டாள். ஸிண்டரில் துளைபோடும் வண்டியின் குழாய்களை லாரியில் ஏற்றத் தொடங்கிவிட்டதாக ஒரு ஓட்டுநர் சொன்னானாம்.

"வண்டி மராதி வழியாத்தான் மதினி கொட்டோனுக்குப் போகும். ரோட்டோரம் நின்னு கையாட்டட்டுமா? குடத்தையும் எடுத்துட்டுப் போறேன், டிரைவர் முகம் கழுவின தண்ணி மிச்சமிருந்தா ஊத்துவான்."

இந்தத் தடவை பல்கிஸாவுக்குக் கோபம் வந்தது. மாமன் மகளிடம் கோபப்படக் கூடாது என்பதால் கணவரிடம் கோபப்பட்டாள். அவர் எல்லையோரத்துக்காரர், அமைதியாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை மதியம் நிதியத்திலிருந்து ஒரு வரி வந்தது: "ஷவ்வால் ஐந்தாம் தேதி நடந்த கூட்டத்தின் ஒப்பந்தம் பார்க்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை." எந்த நாட்டு ஷவ்வால் என்று அதில் இல்லை. பல்கிஸா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு ஸிண்டருக்குப் போன் போட்டாள். லாரியில் பாதிக் குழாய்களை ஏற்றியிருந்தார்கள். மீதியையும் ஏற்றச் சொன்னாள். போகிற இடம் மட்டும் வேறு.

மாநாட்டிலிருந்து திரும்பிய இயக்குநர் கோப்பைப் பார்த்தார். "பாத்தீங்களா, ஹிஜ்ரி தேதி போட்டதுதான் நம்மளக் காப்பாத்துச்சு," என்றார். பல்கிஸா மறுக்கவில்லை. அது உண்மையும்கூட.

மழைக்கு முன்னே பதினொரு கிணறுகள் முடிந்தன. மூன்று ஊர்களுக்கு மழைக்குப் பிறகு. கரின் காடோவில் நூற்று முப்பது மீட்டரில் தண்ணீர் கண்டார்கள். பம்பு பொருத்திய மறுநாள் காலை பத்து மணிக்கு, முன்பெல்லாம் குடத்தோடு இன்னும் வழியில் இருக்கிற நேரத்தில், டேலு வீட்டிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் பம்பு அடிக்கிற சத்தமும் பெண்கள் சண்டை போடுகிற சத்தமும் கேட்டன.

"தண்ணி வந்துடுச்சு மதினி."

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு." டேலு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பல்கிஸாவுக்கு நினைவு தெரிந்து இப்படி நடந்ததில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றாள்.

"இருக்கேன், இருக்கேன். பலகையைப் பாத்துட்டிருக்கேன். மூணு கொடி போட்டிருக்கீங்க. துருக்கியோடது சரியா இருக்கு, மொராக்கோவோடது சரியா இருக்கு. நம்ம கொடியத் தலைகீழா வெச்சிருக்கீங்களே மதினி, அந்த ஆபீஸ்ல யாருமே நம்ம ஊர்க்காரங்க இல்லையா?"