ஐந்து தடவை செத்த கோட்டு

ஊவா மாகாணத்தில் என் முதுகுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. முகத்துக்கு இல்லை. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் முகத்தைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கொஞ்சம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்: "ஏங்க, நீங்கதானே அந்த அழுத அப்பா?" சேர்ந்து படம் எடுக்கக் கேட்பார்கள். நானும் தலையை வாரிக்கொண்டு நிற்பேன். "இல்லைங்க, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்பார்கள்.

எல்லாம் ஒரு துண்டு வீடியோவால் வந்தது. ஒரு மனிதன் மூங்கில் கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறான். முதுகு மட்டும் தெரிகிறது. தோள் இரண்டும் குலுங்குகின்றன. அவனுக்கு முன்னால், செத்துப்போன மகனின் கண்ணீர் அஞ்சலி பேனர். யாரோ புல்லாங்குழல் இசையைச் சேர்த்து, 'ஒரு தகப்பனின் வலி' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். அது போன் போனாகப் போய், வெளிநாட்டில் இருப்பவர்களையெல்லாம் அழ வைத்ததாம்.

அந்த முதுகு என்னுடையது. அந்த மகன் என் மகன். அழுகை மட்டும் யாருடையது என்று தெரியாது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தபால்காரன். டவுனிலிருந்து பையைத் தூக்கிவந்து, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகக் கடிதம் கொடுப்பது வேலை. வாசலுக்கு ஒரு ஜோக் சொல்வது, சம்பளமில்லாமல் நானே எடுத்துக்கொண்ட வேலை. கோயில் திருவிழா என்றால் மைக்கும் என் கையில்தான். வாய் ஓய்ந்து நான் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. என் மனைவிகூட, நான் தூக்கத்தில் பேசுவதைக் கேட்டுச் சிரித்ததாகச் சொல்வாள். அது அவள் சிரித்த காலம்.

கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாராவது போய்விட்டால் பண்டாரவளையில் ஒரு கடையில்தான் பேனர் அடிப்போம். செத்தவருக்கு நல்ல படம் இருக்காது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எடுத்ததையோ அடையாள அட்டையில் இருப்பதையோ கொடுப்போம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தலையை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கோட்டுக்கு மேலே வைத்துவிடுவார். கருநீலக் கோட்டு, சிவப்பு டை, பையில் வெள்ளைக் கைக்குட்டை. உடம்பு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல தொந்தி உள்ள மனுஷன். ஆயுசுக்கும் சட்டைப் பொத்தான் போடாத பழைய கங்காணி அந்தக் கோட்டில்தான் போனார். நோயில் விறகாகக் காய்ந்து கிடந்த கோயில் பூசாரியும் அதே தொந்தியோடுதான் போனார்.

இதைக் கண்டுபிடித்தவன் என் மகன். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பூசாரியின் பேனர் முன்னால் எல்லோரும் கைகட்டி நிற்கும்போது என் முழங்கையைச் சுரண்டினான்.

"அப்பா, அந்தக் கோட்டு இதோட நாலாவது தடவை செத்துருச்சுப்பா."

இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மனைவி தேடிக்கொண்டு வந்தாள். "சாவு வீட்டுல அப்பனும் மகனும் என்ன இளிப்பு? என்னான்னுதான் சொல்லுங்களேன்" என்றாள். சொல்லவில்லை. அது எங்கள் இருவருக்குள் இருந்தது.

அவன் ஏ.எல். பரீட்சை எழுதினான். ரிசல்ட் வந்த வாரம் திருவிழா. மைக் என் கையில். ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் அவன் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டம் கொஞ்சம் சோர்ந்திருந்தது. நான் சொன்னேன்: "நம்ம மகன் ஏ.எல்.ல மூணு எழுத்து வாங்கியிருக்கான். மூணும் ஒரே எழுத்து. எதுன்னு மட்டும் கேக்காதீங்க, அம்மன் முன்னால கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது."

எஃப் என்று சொல்லாமலே புரிந்து தோட்டமே சிரித்தது. இவ்வளவு பெரிய சிரிப்பை நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தபோது வயர் மட்டும் கீழே கிடந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் கொழும்புக்குப் போய்விட்டான்.

ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் எடுப்பான். நான் எங்கள் காம்பரா அறைக்குள் நுழைந்தால் "சரி தம்பி, வைக்கிறேன்" என்று அவள் வைத்துவிடுவாள். நானும் சும்மா இருப்பேனா, "என்ன, கொழும்பு மகாராஜா சௌக்கியமா?" என்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போனை வாங்கி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஜோக் இல்லாமல் ஒரு வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தான். ஒரு மழை நாள். ஒரு லொறி. அவனுக்கு இருபது வயது. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

பெட்டி வேனில் வந்து இறங்கியபோது மனைவி என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். "ஒங்க வாய்தான் அவன அனுப்புச்சு." அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை இல்லை. பேனர் வேலையை அவளே போனில் பேசி முடித்தாள். காலையில் லயத்து முனையில் கட்டினார்கள். நான் பார்க்கப் போனேன்.

கருநீலக் கோட்டு. சிவப்பு டை. தொந்தி. அதற்கு மேலே, குச்சிக் கழுத்தோடு என் பிள்ளையின் தலை, கொஞ்சம் சாய்ந்து.

காதுக்குள் தெளிவாகக் கேட்டது: "அப்பா, இதோட அஞ்சாவது."

அடக்கிப் பார்த்தேன். கம்பத்தில் நெற்றியை முட்டினேன். உதட்டைக் கடித்து இரத்தம் வந்தது, சிரிப்பு நிற்கவில்லை. பின்னால் யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் மச்சினன் அவளுக்கு அந்த வீடியோவைக் காட்டினான். அவள் ஒரு கோப்பை டீயோடு வந்து என் முன்னால் நின்றாள். "குடிங்க" என்றாள். பிறகு, "உள்ளுக்குள்ள இவ்வளவ வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்று என் முதுகில் கை வைத்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை சூடாக இருந்தது. டீயும் சூடாக இருந்தது. இரண்டையும் நான் திருடிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கை போய்விடும். மகன் போன பிறகு எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

சரி, பொய்யை மெய்யாக்கிவிடுவோம், நிஜமாகவே ஒரு தடவை அழுது கணக்கைத் தீர்ப்போம் என்று பார்த்தேன். வரவில்லை. அவன் சட்டையை எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் போய் முகத்தில் வைத்து மோந்தேன், தும்மல் வந்தது. ஒரு கிலோ வெங்காயத்தை நானே வெட்டினேன். கண்ணீர் வந்தது, ஆனால் அது வெங்காயத்துக்கு. கோயிலில் போய், "தாயே, ஒரு சொட்டு" என்று கேட்டேன். பேரம் பேசுகிற மாதிரி இருந்தது, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இதற்கிடையில் முதுகின் புகழ் வளர்ந்தது. பதுளையில் ஒரு பாலர் பாடசாலை விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். மாலை போட்டார்கள். "பிள்ளைகளோட மனசு விட்டுப் பேசுங்க" என்று மைக்கில் சொன்னேன். ஒன்றரை வருஷம் மகனோடு பேசாதவன் சொன்னான், கைதட்டினார்கள். மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்க வீடியோவப் பாத்துட்டுத்தாங்க எம் மகனுக்குப் போன் போட்டேன். நாலு வருசம் பேச்சில்லாம இருந்தோம்" என்றார். அவரிடம் போய் என்ன சொல்ல? "நல்லதுங்க" என்றேன். அன்று வீட்டுக்கு வந்து அந்த மாலையைக் குப்பையில் போட்டேன். மனைவி எடுத்து மகனின் படத்துக்குப் போட்டாள்.

அப்புறம்தான் சினிமா வந்தது.

பண்டாரவளை இளைஞர்கள் நாலைந்து பேர் குறும்படம் எடுக்கிறார்களாம். டைரக்டர், தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு தம்பி, எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னார்.

"டார்க் காமெடி, அங்கிள்."

"அப்படின்னா?"

"சிரிக்கக் கூடாத எடத்துல சிரிப்பு வரும். ஒரு அப்பா. மகன் செத்துருவான். இவருக்கு அழுகையே வராது. ஆனா ஊரு இவர் அழுதாருன்னு நம்பிப் பெரிய ஆளாக்கிரும்."

டீ எனக்குப் புரையேறியது. "கதைய எங்க தம்பி புடிச்சீங்க?"

"முழுக்கக் கற்பனை அங்கிள். நெசத்துல இப்படி ஒருத்தன் இருப்பானா?"

"இருக்க மாட்டான்" என்றேன்.

"ஒரே ஒரு ஷாட்தான். முகம் வேணாம். அந்த வீடியோவுல குடுத்த மாதிரியே முதுகக் குடுங்க, போதும்."

மறுத்திருக்கலாம். உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "போய்ட்டு வாங்க. நானும் வர்றேன். அன்னைக்கு நீங்க அழுததத்தான் நான் நேர்ல பாக்கல." மறுக்க வழி தெரியவில்லை.

பண்டாரவளைக்கு வெளியே ஒரு பாழடைந்த லயத்தில் ஷூட்டிங். கம்பம் நட்டிருந்தார்கள், பேனர் இன்னும் சுருட்டிக் கிடந்தது. கேமரா எனக்குப் பின்னால். மனைவி ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால், பேனருக்குப் பக்கத்தில், ஒரு கல்லில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

"அழுகை வரலைன்னா என்ன செய்றது தம்பி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வரும் அங்கிள். பேனரப் பாத்தா தானா வரும். விரிங்கடா!"

விரித்தார்கள். நடிக்கிற பையனின் தலை. அதன் கீழே கருநீலக் கோட்டு, சிவப்பு டை, தொந்தி. எல்லாம் ஒரே கடைதானே.

ஆறாவது தடவை.

எனக்குத் தாங்கவில்லை. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தோள் குலுங்கியது. "சூப்பர் அங்கிள், அப்படியே, அப்படியே" என்று பின்னால் டைரக்டர் கிசுகிசுத்தார். யாரோ மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. நான் தலையைத் தூக்கினேன். மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் காது வரைக்கும் கிழிந்திருந்தது. அதை மூட முயன்றேன். முடியவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அப்புத்தளை தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"ஆமா."

"நம்ம புள்ள பேனரப் பாத்தா சிரிச்சீங்க?"

"ஆமா."

அவள் கை ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி, பூசாரி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிரித்தது, நாலாவது தடவை, அஞ்சாவது தடவை. எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, முகம் அடையாளம் தெரியாமல் மறுபடி திரும்பிக்கொண்டார்.

மூடியை இறுக்கிவிட்டு அவள் சொன்னாள்: "கோட்டு போடச் சொன்னது நான்தான்."

"கடைக்காரன் எல்லாருக்கும் போடுறதுதானே."

"இல்ல. சின்ன வயசுதானே அக்கா, சட்டையோடயே விட்டுரவான்னு கேட்டான். நான்தான் வேணாம், கோட்டு போடுங்கன்னேன். கடைசியா பேசுனப்ப நம்ம புள்ள சொன்னான்: 'அம்மா, அப்பாகிட்ட சொல்லு, நான் வர்றப்ப அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன்னு.' சொல்லிட்டு ஒரே சிரிப்பு. பெரிய உத்தியோகம் பாத்து, கோட்டு போட்டு வந்து எறங்குவேன்னு சொல்றான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்லுவேன்? அதையும் மைக்குல போட்டுருவீங்கன்னு பயந்தேன்."

அப்பாகிட்ட சொல்லு. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் மகன் எனக்கு அனுப்பிய முதல் வார்த்தை அது. செத்தால்தான் உன் வீட்டு வாசலை மிதிப்பேன் என்று திட்டியிருக்கிறான். சிரித்துக்கொண்டே திட்டியிருக்கிறான். உலகத்தில் எனக்கு மட்டும் புரியும் ஜோக்கில், கோபம் ஆறிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். கேட்டிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய், அவன் முன்னால் நின்று, மைக் இல்லாமல் பேசியிருப்பேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அது ஜோக்கா?"

"ஆமா."

"ஒங்களுக்குன்னு சொன்னதா?"

தலையாட்டினேன். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது. "ஐயோ, நான் குடுக்கலையே" என்றாள். "நான் ஒங்கள்ட்ட குடுக்கலையே."

தபால் என்றால் தாமதம் சகஜம்தானே, தபால்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா என்று ஒரு வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். என் ஆயுசில் நான் விழுங்கிய முதல் ஜோக் அது.

ஹல்துமுல்லையில் இறங்கி மேலே ஏறினோம். தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடக்க முடியும். அவள் முன்னால், நான் பின்னால். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. லயத்து முனைக்கு வந்தோம். பேனரை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். கம்பம் மட்டும், கட்டிய கயிறு தொங்க, அங்கேயே நின்றது. அவள் பாதை முடியும் இடத்திலேயே அதன் எதிரில் நின்றாள்.

தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின.

அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த விஷயத்தில் இந்த மாகாணத்திலேயே பெரிய ஆள் நான்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிக்கொண்டு முன்னால் போக வழியில்லை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் தெரிந்துவிடும்.

நான் கூப்பிடவில்லை.