அக்காவின் குரல் பிசிறிய காரணம்

வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் முள்ளம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பார்த்துக்கொள்ளும் ஒலிக்கலவை மேசையில் ஒலி மிஞ்சி மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டால் போதும், டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். அவளுடைய அக்கா அங்கேயே கதை வாசிப்பவள். அக்கா வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்து மாலையில் ஒலிபரப்புவார்கள்.

கம்ப்யூட்டரின் டிஜிட்டல் ஒலியை அந்தப் பழைய மேசைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி பழுதாகி, புதியது வந்தது. வந்த அன்றே முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. மேசை தாங்குவதைவிடப் பல மடங்கு பலமாக ஒலியைத் தள்ளியது பெட்டி. உள்ளே நுழையும்போதே ஒலி நசுங்கியதால், குமிழைத் திருகினால் கரகரப்பு மெலிந்ததே தவிரப் போகவில்லை. கம்ப்யூட்டரிலாவது குறைக்கலாமென்றால், பெட்டியை மாட்டிய கம்பெனிக்காரர்கள் அந்த அமைப்பைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பெட்டிக்கும் மேசைக்கும் நடுவுல சத்தத்தைக் குறைக்கிற ஒரு குறைப்பான் மாட்டினா சரியாயிடும் சார்," என்றாள் மேலாளரிடம்.

"நீங்களா எதையாவது மாட்டினா வாரண்டி போயிடும். பாட்டு சும்மா அதிருதுன்னு நேயர்ங்க பாராட்டுறாங்க. செய்தியும் நல்லாத்தான் இருக்கு. உங்க அக்கா குரல் மட்டும்தானே பிசிறுது?"

"செய்தி மைக்லேருந்து நேரா மேசைக்கு வருது சார். கதைதான் பெட்டி வழியா..."

"அக்காங்கிறதுக்காகப் பேசாதீங்கம்மா."

அடுத்த வாரமே, குரல் சரியில்லை என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் அக்கா வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்லக்கா. பெட்டியிலதான் கோளாறு."

"ஆறுதலுக்குன்னு எதையாவது சொல்லாதடி. ரேடியோவுல நானே கேட்டேனே."

அக்கா அன்றிலிருந்து சத்தமாகப் பேசுவதையே விட்டாள். கடைக்காரரிடம்கூடக் கையைக் காட்டித்தான் சாமான் கேட்டாள்.

புதிதாக வந்த வாசிப்பாளரின் குரலும் பிசிறியதும் மேலாளர் கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் வந்து விரல் நீளத்தில் ஒரு குறைப்பானை மாட்டிவிட்டுப் போனார்கள். முள் இறங்கியது. கடைசியாகப் பிசிறி ஒலிபரப்பான அக்காவின் கதையையே, கம்ப்யூட்டரில் இருந்த அதே பதிவிலிருந்து முள்ளம்மா ஓடவிட்டாள். குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. உடனே அக்காவுக்குப் போனைப் போட்டு, ஒலிபெருக்கிப் பக்கத்தில் பிடித்தாள்.

அக்கா முழுவதும் கேட்டாள்.

"இது நான் நல்லா வாசிச்ச காலத்துல பதிஞ்சது."

"இல்லக்கா, இதேதான் அன்னிக்கு..."

"போதும்டி. வேலையைப் பாரு."

அக்கா போனை வைத்துவிட்டாள். மறுபடி வாசிக்க வரச் சொல்லி மேலாளரே கேட்டுப் பார்த்தார். அவள் வரவில்லை.