தேவமணியின் இரண்டு ஐவிரல் சங்குகள்

துறைமுகச் சாலையில் இருந்த சங்கு மியூசியத்தில் கூட்டிப் பெருக்கத்தான் தேவமணியை வைத்தார்கள். ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் எதையாவது கொண்டுவந்தால் முதலில் மறிப்பவள் அவள்தான். "எங்கன எடுத்தீய? எத்தன பாகம் ஆழம்?" தடுமாறினால் தொலைந்தார்கள். "எடம் தெரியாத சங்கு வீட்டு அலமாரிக்குத்தான் ஆகும். கொண்டு போங்க."

அவள் புருஷன் ஜேசுபாதமும் அந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. முயல் தீவுப் பக்கம் அவர் எடுத்த ஐவிரல் சங்குக்குள், அவர் பெயரும் எடுத்த இடமும் எழுதிய சீட்டை அவளே சுருட்டிச் செருகினாள். மறுமாதம் கடலுக்குப் போனவர் கரை சேரவில்லை. கல்லறை இல்லாத மனிதருக்கு அந்தச் சீட்டுதான் கல்வெட்டு.

1976இல் மெட்ராஸிலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. தேவமணிக்குக் கை சும்மா இருக்குமா? பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஒரு பெட்டிச் சங்கை அப்படியே கொட்டிவிட்டாள். சீட்டுகளை எடுக்க மறந்துபோனாள். எல்லாம் வெள்ளைக் கூழாக வந்தன. அதிகாரி சங்கரலிங்கம் 'நாளைக்கு, நாளைக்கு' என்று இரண்டு வருஷமாகப் பதிவேட்டில் ஏற்றாத பெட்டி அது. அதனால் அவராலும் கத்த முடியவில்லை.

ஆய்வாளர் வர ஒரு மணி நேரமே இருந்தது. எந்தச் சங்கு யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் புதுச் சீட்டு எழுதினார். கடைசியில் இரண்டு ஐவிரல் சங்குகள் மிஞ்சின. ஒன்று ஜேசுபாதத்தினுடையது. மற்றது அவர் கூட்டாளி ராஜதுரை மணப்பாட்டுக் கடலில் எடுத்தது. ஒரே அளவு, ஒரே நிறம். புருஷன் கையில் கொடுத்தது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆளனுப்பி ராஜதுரையை வரவழைத்தார்கள். அவனுக்கும் பிடிபடவில்லை.

"மைனி, ஏதோ ஒண்ண அண்ணன் பேருல எழுதச் சொல்லுங்க. யாரு கேக்கப் போறா?"

வாசலில் ஜீப் வந்து நின்றது.

"சீக்கிரம் சொல்லும்மா, எது?" என்றார் சங்கரலிங்கம்.

தேவமணி ஒன்றைத் தூக்கினாள். ஜேசுபாதத்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதே வாசலில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! உபதேசம் ஊருக்கு மட்டும்தானா?

"எடம் தெரியல சார். ரெண்டும் இங்க வேண்டாம்."

சாயங்காலம் இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு ராஜதுரை வீட்டுக்குப் போனாள். அவன் பங்கைக் கொடுக்கத்தான் போனாள். மடியை அவிழ்த்தவள், எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"ரெண்டையும் நீங்களே வச்சிக்கிடுங்க மைனி" என்றான் ராஜதுரை.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.