வேலிக்குக் கீழே ஒளிர்ந்த எண்ணெய்

சாப்பிட வரச்சொன்ன வீட்டில் உங்கள் கையில் ஒரு பிடி மண்ணைத் தந்து, "மணந்து பாருங்கோ" என்றால் என்ன செய்வீர்கள்?

நான் மணந்து பார்த்தேன். டீசல் மணம்.

இந்த வசந்தத்தில், பனியெல்லாம் கரைந்து முடிந்த ஒரு சனிக்கிழமை. இடம், கியூபெக்கில் வில்லரே என்ற பகுதியில் என் நண்பர் செல்வம் வாங்கியிருந்த வீட்டின் பின்வளவு. மண்ணைத் தந்தவர் அவருடைய மனைவி ரஜனி. அந்த வீட்டிலேயே ஒரு சின்ன கார்டெரி – குழந்தைகள் பராமரிப்பு நிலையம் – தொடங்குவது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான படிப்பையும் முடித்துவிட்டார். பிள்ளைகள் விளையாட ஒரு மணல்தொட்டி வைக்கலாமென்று வேலியோரம் கிண்டியபோதுதான் இந்த மணம் கிளம்பியிருக்கிறது.

என் பேத்தியையும் அங்கேதான் விடுவதாக இருந்தோம். எனவே எனக்கும் சாப்பாட்டில் மனம் போகவில்லை.

"முந்தி இந்த வீடுகளுக்கு எண்ணெய் எரிச்சுத்தானே சூடு போட்டவை, அண்ணை. ஒரு தாங்கியை நிலத்துக்கை தாட்டு வைச்சிருப்பினம். அது ஒழுகியிருக்கும்" என்றார் செல்வம்.

அவர் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் தலைமைச் சமையல்காரர். எத்தனை ஓர்டர் வந்து குவிந்தாலும் பதறாத மனிதர். அன்று பதறினார்.

"திரும்ப மூடி விடுவம். இதைச் சோதிச்சுத் தெரிஞ்சுகொண்டால், பேந்து வீட்டை விக்கேக்க சொல்லவேண்டி வரும். தெரியாட்டி என்னத்தைச் சொல்லுறது?"

"பிள்ளையள் மண்ணை வாயிலை வைக்குங்கள்" என்றார் ரஜனி. "உங்களுக்குப் பார்க்க விருப்பமில்லாட்டி உள்ளுக்குப் போங்கோ. நான் டெல்சிக்குச் சொல்லிப்போட்டன்."

டெல்சி மன்னார்ப் பெண். இங்கே வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் ரஜனிக்குச் சிநேகிதமானவர். இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறார். சற்று நேரத்தில் வந்து இறங்கினார். தோளில் லப்டொப், கையில் ஆளுயர இரும்புக் குழாய்.

குழாயின் நுனியருகே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே மெல்லிய ஒளியிழைகள். ஓர் இழை வழியாகப் புற ஊதா ஒளி மண்ணுக்குள் போகிறது. மண்ணில் எண்ணெய் இருந்தால், அது அந்த ஒளியை வாங்கி நீலமாக ஒளிர்கிறது. அந்த ஒளிர்வு மற்ற இழை வழியாக மேலே வந்து, திரையில் ஒரு கோடாக எழும்புகிறது. மண்ணை அள்ளி லாப்புக்கு அனுப்பிக் காத்திருக்காமல், நின்ற இடத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

"ஆஸ்பத்திரியிலை வயித்துக்குள்ளை கமரா விடுறமாதிரியோ?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான், அங்கிள். மண்ணுக்கு மயக்க மருந்து தேவையில்லை."

முதலில் வீட்டுச் சுவரோரம் குழாயை இறக்கினார். கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது. நடு வளவிலும் அப்படியே. செல்வத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வேலியை நெருங்க நெருங்கக் கோடு தலை தூக்கியது. வேலியோடு ஒட்டி இறக்கியபோது... திரையின் உச்சிக்கே போய்விட்டது.

"அப்ப எங்கடை வளவிலை தாங்கி இல்லை!" செல்வம் துள்ளினார். "பக்கத்து வீட்டு எண்ணெய்! நிலத்தடித் தண்ணியோடை இஞ்சாலை வருது. விடமாட்டன். சிட்டிக்கு அறிவிக்கவேணும். எல்லாருக்கும் சொல்லவேணும்!"

திரும்ப மூடி விடுவம் என்று சற்றுமுன் சொன்ன அதே செல்வம்தான்!

"பொறுங்கோ அண்ணா" என்றார் டெல்சி. "எண்ணெய் இருக்கு எண்டுதான் இது சொல்லும். ஆருடைய எண்ணெய் எண்டு சொல்லாது. லாப்பிலையும் குடுத்துப் பாக்கவேணும்."

செல்வம் அதற்குள் படலையைத் திறந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

பக்கத்து வீட்டில் கில்பேர் தனியாக இருக்கிறார். வயதானவர், கியூபெக்காரர். செல்வம் பிரெஞ்சில் படபடவென்று சொன்னதை வாசலில் நின்றபடி முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் அப்பா புதைத்த தாங்கி அது. ஏன் கிளறவேண்டும்? தோண்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த வீட்டை யார் வாங்குவார்கள்?"

 செல்வம் என்னைப் பார்த்தார். நான் வேலியோரத்து ராஸ்பெரிச் செடிகளைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"நானும் இதைத்தான் சொன்னேன்" என்றார் செல்வம் கடைசியில். "இன்றைக்கு. என் மனைவியிடம்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்னை உள்ளே போகச் சொன்னார்."

கில்பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு எங்களோடு வந்தார்.

டெல்சி ஈரமண்ணை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, கறுப்புத் துணியால் மூடி, உள்ளே புற ஊதா டோர்ச் அடித்தார். கில்பேர் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வர வெகு நேரமானது.

"அழகாக இருக்கிறது" என்றார். பிறகு வேலிப் பக்கம் திரும்பினார். "போன கோடையில் என் ராஸ்பெரிச் செடிகளின் பழத்தைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன். அவர்களுக்கு ஏதாவது...?"

டெல்சி ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியாது, மிஸ்யூ. செடியையும் மண்ணையும் சோதித்தால்தான் சொல்லமுடியும்."

கில்பேர் படிக்கட்டில் உட்கார்ந்தார். "அப்படியென்றால் சோதியுங்கள்" என்றார்.

ரஜனி அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

லாப் முடிவு வந்தது. மண்ணில் எண்ணெய் உறுதி. செடியில் பயப்பட ஒன்றுமில்லை. கோடையில் வேலியைக் கழற்றிவிட்டுத் தோண்டினார்கள். அடிப்பக்கம் துருவில் அரித்துப்போன தாங்கி மேலே வந்தது. கெட்ட மண்ணை லொறியில் ஏற்றிப் போனார்கள். செல்வம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நாள் முழுக்கக் கில்பேரின் பக்கத்தில் நின்றார். கார்டெரி இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பரவாயில்லை, பேத்தி அதுவரை எங்கள் வீட்டைத் தலைகீழாக்கட்டும்.

தெரியாமல் இருந்தால் நிம்மதி என்று நினைக்கிறோம். ஆனால் கில்பேர் என்னிடம் சொன்னது வேறு. தாங்கியை ஏற்றிய லொறி போன அன்றுதான் அவர் நன்றாக நித்திரை கொண்டாராம்.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கு, ரத்தம் சோதிக்கச் சொல்லி டொக்டர் துண்டு எழுதித் தந்து மாதக் கணக்காகிறது. திங்கட்கிழமை போகிறேன்... என் மனைவியும் பத்திரிகையில் இந்தப் பத்தியை வாசிக்கிறவள்!