டிரைவர் பக்கக் கதவு

நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வரலாமா? "இந்த வயசுல ஒனக்கு இது ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டார். நீங்கள் வந்தால்தான் ஆச்சா என்று நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காளவாசலிலிருந்து ஒத்தக்கடைக்குத் தனியாகவே கிளம்பினேன். அங்கேதான் நான் பார்த்துவைத்த கார் விற்பனைக்கு இருந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, சிவப்பு நிறம். இருபது வருடப் பழைய வண்டி என்பதால் விலை சல்லிசு.

பழைய காரில் எஞ்சினைக்கூட மாற்றிக்கொள்ளலாம், தகட்டைத் துரு தின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வீடியோவாகப் பார்த்துப் பார்த்து இதைக் கற்றிருந்தேன். அதிலும் இது தூத்துக்குடியில் ஓடிய வண்டி, உப்புக் காற்று குடித்தது. துருவோ நசுங்கலோ இருந்தால் அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். காந்தத்தை வைத்தால் தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. இதுதான் சூட்சுமம். கிளம்புகிற அவசரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே காந்தம் எங்கள் ப்ரிட்ஜில் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த மீனாட்சி அம்மன் படம். கோயில் வாசல் கடையில் வாங்கியது. உள்ளங்கை அகலம், பின்னால் நல்ல கனமான காந்தம். பெயின்ட் கீறாமல் இருக்க அதன் முதுகில் ஒரு துண்டுத் துணியை ஒட்டிக்கொண்டேன்.

கார்க்காரனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பதவிசான பையன், வாய்க்கு வாய் அக்கா என்றான். வாசலில் நின்ற வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே பெயின்ட் கொஞ்சம் கொப்புளித்திருந்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் தரைத் தகடு சுத்தமாக இருந்தது. பிறகு அம்மனை எடுத்து பானெட்டில் வைத்தேன்.

அப்போதுதான் அவனுடைய அம்மா காபியோடு வெளியே வந்தார். என் கையில் அம்மனைப் பார்த்ததும் தம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி கேட் ஓரமாக விட்டார்.

"ஆத்தாவ வச்சுத்தேன் பாக்குறியா தாயி? இந்தக் காலத்துல இம்புட்டு பக்தியா!"

இல்லைம்மா, இது துரு பார்க்கிற காந்தம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஒருத்தர் பின்னாலேயே வருவது எனக்கு நன்றாக இருந்தது, வெட்கங்கெட்டவள். பானெட், கூரை, இடப்பக்கக் கதவு என்று அம்மன் வைத்த இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டாள். வைக்க வைக்க அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நாளைக்கு இவனுக்குப் பூ வச்சு உறுதி பண்ணப் போறோம், பொண்ணு மேலூரு. மனசு திக்குதிக்குனு இருந்துச்சு. ஆத்தாவே வீடு தேடி வந்துட்டா, இனிமே எனக்கென்ன?"

வலப்பக்கம் போனேன். டிரைவர் பக்கக் கதவில் அம்மனை வைத்துக் கையை எடுத்தேன். வழுக்கிக்கொண்டு போய் மண்ணில் விழுந்தாள்.

"மாட்டுனியா!" என்று கத்தினேன். சாமி சத்தியமாக, சந்தோஷத்தில் கத்தினேன். படித்தது பலித்துவிட்ட பெருமை. எடுத்து மறுபடி வைத்தேன், விழுந்தது. நம்பாதவர்களுக்கு வித்தை காட்டுவதுபோலத் திரும்பத் திரும்ப வைத்துக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக்கேட்பார்கள். சிலையில் ஈரப் பூவை ஒட்டிவைத்து, அது விழுகிற பக்கத்தை வைத்து உத்தரவு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். பூ விழுந்தாலே அப்படி என்றால் சாமியே மண்ணில் விழுந்தால்?

"ஆத்தா ஒத்துக்கலையே," என்றார். "பூ வைக்கிறத நிறுத்திருவோம்யா. பொண்ணு வீட்டுக்குப் போனப் போடு."

அந்தப் பையன் என்னைக் காருக்குப் பின்னால் இழுக்காத குறையாகக் கூட்டிப்போனான்.

"அக்கா, அது பட்டிதான். போன வருசம் ஒரு லாரி இடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில கெடந்தேன். அம்மாட்ட பெங்களூருல டிரெய்னிங்குன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்கப்பா போனதும் ரோட்டுலதான்க்கா, தெரிஞ்சா தாங்காது. ஏதாச்சும் சொல்லிச் சமாளிங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். உண்மையைச் சொன்னால் பையன் மாட்டுவான், சொல்லாவிட்டால் கல்யாணம் நிற்கும். போய் அந்த அம்மாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அம்மா, ஆத்தாவுக்குக் கோவமெல்லாம் இல்ல. இது வெறும் காந்தம், பழசாயிப்போச்சு. பிடிமானம் இல்ல, அதான் விழுகுது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வந்து, கீழே கிடந்த அம்மனை எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்து, இரும்பு கேட்டில் வைத்தார். டப்பென்று ஒட்டியது. பிய்த்து எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"நல்லாத்தானே பிடிக்கிது."

பிறகு காருக்கு வந்தார். பானெட்டில் வைத்தார், ஒட்டியது. கதவின் மேல் ஓரத்தில் வைத்தார், ஒட்டியது. கதவின் நடுவில் வைத்தார், விழுந்தது. விழுவதற்கு முன் கையில் ஏந்திக்கொண்டார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எதுவரை விழுகிறது, எங்கே மறுபடி ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். கதவின் முக்கால்வாசி பட்டி. பையன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான்.

"இந்த எடத்துல மட்டும் இரும்பு இல்ல. நீ இந்தப் பக்கந்தான ஒக்காந்து ஓட்டுவ?"

அவன் தலையை ஆட்டினான். அவர் அவனுடைய வலது விலாவில் கையை வைத்து லேசாக அழுத்தினார். அவன் முகம் சுளித்தது.

"பெங்களூருலருந்து வந்தப்ப சோத்தக்கூட எடக்கையில கரண்டி வச்சுத் தின்ன. ஏன்யான்னு கேட்டேன். படுத்த எடம் சரியில்ல, புடிச்சுக்கிருச்சுன்ன." அவருக்குக் கண் கலங்கியது, குரல் மட்டும் கலங்கவில்லை. "ஆத்தா பூ வைக்க வேணாம்னு சொல்லல. நாளைக்குப் போவோம். ஆனா போனதும் மொத வேலையா அந்தப் புள்ளட்ட இதச் சொல்லு. என்னைய மாதிரி அவளும் ஒண்ணும் தெரியாம ஒக்காந்திருக்கக் கூடாது."

அப்புறம் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அம்மனை இரண்டு கையாலும் பிடித்து என் கையில் வைத்தார்.

"ஆத்தா பொய் சொல்லல தாயி. நீங்க ரெண்டு பேருந்தான் சொன்னீக."

கூசிப்போய் நின்றேன். சுவர்மேல் இருந்த தம்ளரை அவர் தொட்டுப் பார்த்தார்.

"காப்பி ஆறிப்போச்சு. இரு, சுட வச்சுத் தாரேன்."

அவர் உள்ளே போனார். வெறுங்காலோடு போனார். அவருடைய செருப்பு அவர் விட்ட இடத்திலேயே, கேட் ஓரமாகக் கிடந்தது. இவ்வளவு நேரமும் அம்மனைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்த நான் செருப்போடுதான் நின்றிருந்தேன். இனிமேல் கழற்றி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கழற்றினேன். தரை சுட்டது.